குறைமாதத்தில் பிறந்த மகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் 27 வாரத்தில், 900 கிராம் எடையோடு பிறந்தாள். ஐசியூவில் பல வாரம் இருந்து தேறி வந்தாள். கர்ப்பக் கணக்குப்படி பார்த்தால் இப்போது 38 வாரம்.

போன வாரம் டயப்பர் மாற்றும்போது பிறப்புறுப்பு வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. மறுநாள் தொடை வரை வீக்கம். உடம்புச் சூடு, விளக்கெண்ணெய் தடவு என்றார் மாமியார். எனக்கு மனம் கேட்கவில்லை, டாக்டரிடம் ஓடினேன். ஸ்கேனில் வலது சினைப்பையில் 3 செ.மீ. நீர்க்கட்டி. ரத்தத்தில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோனான எஸ்ட்ரடையால் மூன்றும் அதிகம்.

டாக்டர் சொன்னது இது: வயிற்றுக்குள் இருக்கும்வரை நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் குழந்தையின் பிட்யூட்டரியை (மூளைக்கு அடியில் இருந்து அந்தத் தூண்டும் ஹார்மோன்களைச் சுரக்கும் சுரப்பி) அடக்கி வைக்கும். சீக்கிரம் பிறந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும், மூளைக்கும் தானாக அடக்கும் பக்குவம் வந்திருக்காது. அதனால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுகிறது. பெரும்பாலும் தானே சரியாகிவிடுமாம். சினைப்பை முறுக்கிக்கொள்ளாமல் மட்டும் கவனிக்க வேண்டும், வாந்தி, வயிற்று உப்பல், நிறுத்தாத அழுகை என்றால் உடனே வரச் சொன்னார்.

சரி, காத்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு அழுகைக்கும் நெஞ்சு படபடக்கிறது.

உங்கள் பெண்குழந்தைக்கு இப்படி இருந்ததா? வீக்கம் வடிய எத்தனை நாள் ஆனது? மருந்து கொடுத்தார்களா, ஸ்கேன் மட்டுமா? மதுரைப் பக்கம் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.