1767-க்கு முன் வட கரோலினா வந்த ஸ்காட்லாந்து முன்னோர்: பெற்றோரை எப்படிக் கண்டுபிடிப்பது? உதவி தேவை

கேரி மீனா:

அனைவருக்கும் வணக்கம். என் மாமியாருக்காக இந்த உதவியைக் கேட்கிறேன். அவருடைய அப்பா வழி முன்னோர் ஒருவர் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, வட கரோலினாவில் கேப் ஃபியர் ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர். பெயர் டொனால்ட். குடும்பப் பெயர் 'மெக்' என்று தொடங்கும். உறவினர்கள் பலர் இன்னும் இந்தப் பக்கமே இருப்பதால் முழுப்பெயரைப் பொதுவில் போடவில்லை.

மாமியாரிடம் தட்டச்சு செய்த குடும்ப வரைபடம் ஒன்று இருக்கிறது. அதன்படி டொனால்ட் 1725-இல் ஸ்கை தீவில் பிறந்தார். 1746-இல் பிரிட்டிஷ் அரசருக்கு எதிரான ஸ்காட்லாந்து எழுச்சியின் கடைசிச் சண்டையான கலோடன் போரில் சண்டையிட்டுப் பிடிபட்டார். 1747-இல் நாடு கடத்தப்பட்டு வில்மிங்டனில் இறங்கினார். அவருடைய அப்பா, அம்மா பெயர்கூட அதில் உண்டு. ஆனால் எதற்கும் ஆதாரம் எழுதவில்லை. இணையத்தில் உள்ள குடும்ப மரங்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று இதையே போட்டிருக்கின்றன.

ஆவணமாக என் கையில் இருப்பவை: 1767 ஏப்ரலில் கம்பர்லாந்து கவுண்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி), லிட்டில் ரிவர் ஓரம் அவருக்குக் கிடைத்த 100 ஏக்கர் பட்டாவின் சுருக்கம், 1790 மக்கள்தொகைக் கணக்கில் மூர் கவுண்ட்டியில் குடும்பத் தலைவராக அதே பெயர். அவ்வளவுதான். இதற்கிடையில் 1770-களில் கம்பர்லாந்தில் அதே பெயரில் இன்னொரு டொனால்டும், அதே குடும்பப் பெயரில் ஒரு டேனியலும் தென்படுகிறார்கள். ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் 1725-ஐச் சுற்றித் தேடினால் வேறு ஊர்களில் டொனால்ட்கள் வருகிறார்கள், ஸ்கையில் ஒருவரும் வரவில்லை. எங்கே பிடித்து எப்படித் தொடர்வது?

எடின்பரோ வாசன்:

மீனா, ஸ்கையில் கிடைக்காததற்குக் காரணம் எளிது. அந்தத் தீவின் சர்ச் பதிவேடுகள் 1800-இலோ அதற்குப் பிறகோதான் தொடங்குகின்றன. 1725-இல் அங்கே பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானப் பதிவு எதுவும் இன்று இல்லை. ஆகவே அந்த வரைபடத்தில் உள்ள பிறந்த ஆண்டும் பெற்றோர் பெயரும் சர்ச் பதிவிலிருந்து வந்திருக்க முடியாது. யாராவது குடும்பத்துக் கதையை எழுதி வைத்தார்களா, இல்லை வேறு ஊர் டொனால்டின் பெற்றோரை எடுத்து ஒட்டிவிட்டார்களா என்பது தெரியும்வரை அதை ஒதுக்கி வையுங்கள்.

ஸ்காட்லாந்தில் அரசே பிறப்பு, இறப்பைப் பதிவு செய்யத் தொடங்கியது 1855-இல்தான். அதற்கு முன் சர்ச் எழுதி வைத்ததுதான் எல்லாம். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசிய மேற்குத் தீவுகளில் அதுவும் குறைவு. அந்தப் பதிவேடுகளைத் தேட உதவும் ஸ்காட்லாந்துஸ்பீப்பிள் தளத்தில் ஒரு பெயர் பொருந்துகிறது என்றால், பதிவேடு தப்பிப் பிழைத்த ஊரில் அந்தப் பெயர் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள்.

கலோடன் கதை பற்றி: 1745-இல் தொடங்கிய அந்த எழுச்சிக்குப் பிறகு 900-க்கும் மேற்பட்ட கைதிகள் நாடு கடத்தப்பட்டது உண்மை. ஆனால் அவர்கள் போனது பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகள், மேரிலாந்து, வர்ஜீனியா. 1747-இல் கில்டார்ட், ஜான்சன் என்ற கப்பல்கள் கைதிகளோடு மேரிலாந்தில்தான் கரை சேர்ந்தன. கேப் ஃபியர் குடியேற்றமோ போருக்கு முன்பே, 1739-இல், மேற்கு ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியிலிருந்து வந்த சுமார் 350 பேரோடு தொடங்கிவிட்டது. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோரைத் துரத்தியது போர் இல்லை, குத்தகை உயர்வு.

ராலே செந்தில்:

மாநில ஆவணக் காப்பகம் ராலேயில்தான் இருக்கிறது, நீங்கள் இருக்கும் கேரி ஊரிலிருந்து எட்டிவிடும் தூரம். அதனால் ஸ்காட்லாந்தை இப்போதைக்கு மறந்துவிட்டு, அவர் இறங்கிய மண்ணில் தேடுங்கள் மீனா. எந்த டொனால்ட் உங்கள் டொனால்ட் என்பது இங்கே உறுதியாகாமல் கடல் தாண்டினால் வேறொருவருடைய அப்பாவைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

முதல் வேலை நிலம். பட்டாவின் சுருக்கத்தை நம்பி நிற்காதீர்கள். அந்தக் காலத்தில் நிலம் வேண்டுபவர் முதலில் மனுப் போடுவார், பிறகு அளக்கச் சொல்லி உத்தரவு வரும், பிறகு சர்வேயர் அளந்து வரைபடம் போடுவார், கடைசியில்தான் அரசர் பெயரில் பட்டா. உத்தரவின் தேதிக்கும் பட்டாவின் தேதிக்கும் ஓராண்டோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கலாம். அவர் எப்போது வந்தார் என்பதற்கு உத்தரவுத் தேதிதான் உதவும்.

சர்வே வரைபடத்தின் அடியில், நிலத்தை அளக்கச் சங்கிலி பிடித்த இருவர் பெயர் இருக்கும். நம் ஊரில் சர்வேயரோடு செயின்மேன் வருவாரே, அதே வேலைதான். ஆனால் இங்கே அதைச் சம்பள ஆள் செய்யவில்லை. நிலம் வாங்குபவரே தன் மகனையோ தம்பியையோ மாமனாரையோ பக்கத்து நிலத்துக்காரரையோ அழைத்து வருவார், அவர்கள் சத்தியம் செய்துவிட்டுச் சங்கிலியைப் பிடிப்பார்கள். உறவை எங்கேயும் எழுதாத காலத்தில் இந்த இரண்டு பெயர்கள் தங்கம்.

கவுண்ட்டி எல்லைகளையும் கவனியுங்கள். 1734-க்குப் பிறகு இந்தப் பகுதி பிளேடன். 1754-இல் அதிலிருந்து கம்பர்லாந்து பிரிந்தது. 1784-இல் கம்பர்லாந்திலிருந்து மூர் பிரிந்தது. 1767-இல் கம்பர்லாந்தில் இருந்தவர் 1790-இல் மூரில் இருப்பது வீடு மாறாமலேயே நடக்கும். மூர் கோர்ட் கட்டடம் 1889-இல் எரிந்தது, கிரயப் பத்திரங்கள் நிறைய போய்விட்டன. அதனால் உயில்களை முதலில் பாருங்கள்.

கம்பர்லாந்தின் 1755 வரிப்பட்டியல் இருக்கிறது. வெள்ளையர்களில் 16 வயதைத் தாண்டிய ஆண்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வருவார்கள். அவர் பெயர் அதில் இருந்தால் வருகைக்கு ஒரு எல்லை கிடைக்கும். இல்லாவிட்டால் அவர் வரவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், பக்கத்துக் கவுண்ட்டியில் இருந்திருக்கலாம்.

டேனியல் விஷயம்: கேலிக் பேசுபவர் தன் பெயரைச் சொல்ல, எழுத்தர் அதை ஒரு தடவை டொனால்ட் என்றும் இன்னொரு தடவை டேனியல் என்றும் எழுதியிருப்பார். ஒரே ஆளாகவும் இருக்கலாம், இருவராகவும் இருக்கலாம். கையெழுத்துக்குப் பதில் இடும் குறியை ஒப்பிடுங்கள்.

டொராண்டோ சிவா:

மீனா அக்கா, மற்ற டொனால்டை விலக்குவதற்கு ஒரு வழி இருக்கு. அமெரிக்கப் புரட்சியின்போது, 1776 பிப்ரவரியில், கம்பர்லாந்து ஹைலண்டர்கள் (ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்தவர்கள்) பிரிட்டிஷ் அரசருக்காகக் கிராஸ் கிரீக்கில் (இன்றைய ஃபேயட்வில்) திரண்டு, 27-ஆம் தேதி மூர்ஸ் கிரீக் பாலத்தில் தோற்றுப்போனார்கள். சுமார் 850 பேர் பிடிபட்டார்கள். அடுத்த வருடம் புதிய அரசு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னது. எடுக்காதவர்கள் நிலத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அப்படிப் போனவர்களில் ஒரு பகுதி இங்கே நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து சேர்ந்தது.

1783-க்குப் பிறகு அவர்கள் லண்டனில் நட்டஈடு கேட்டுக் கொடுத்த மனுக்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஓ 12, ஏஓ 13 என்ற தொகுதிகளில் இருக்கு. எந்த வருடம் வந்தேன், எந்த ஊரான், எத்தனை ஏக்கர் திருத்தினேன், எத்தனை மாடு போனது என்று எல்லாம் தாங்களே சொல்லுவார்கள். சொந்த ஊரை விட்டு இரண்டாம் முறையும் எல்லாத்தையும் விட்டுப் போன சனம். வாசிக்கும்போது எனக்கு மனம் கனத்துப் போகும்.

குடும்பப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கோ. நான் அந்த மனுக்களின் பெயர் அட்டவணையில் பார்த்துச் சொல்லுறன்.

மதுரை அருண்:

மரபணுச் சோதனை பற்றி ஒரு வரி. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். இது மாமியாரின் அப்பா வழி என்பதால் உங்கள் கணவர் கொடுத்துப் பயனில்லை, அவருடைய தாய்மாமன் கொடுக்க வேண்டும். ஒரே குலப்பெயர் என்றால் ஒரே ரத்தம் என்றும் நினைக்க வேண்டாம். குலத் தலைவரின் பெயரையே அவருடைய குத்தகைக்காரர்களும் வைத்துக்கொண்டது சகஜம்.

கேரி மீனா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ராலே போய் வந்தேன். செந்தில் சார் சொன்னபடி நிலக் கோப்பைக் கேட்டேன், மூலத் தாளே வந்தது. உள்ளங்கை அளவு மடித்த பழுப்புத் தாள். ஒரு பக்கம் ஓடை வளைந்து போகிறது, அதன்மேல் கோணலான ஒரு சதுரம். மூலைகளில் கல் இல்லை, மரங்கள்: ஒரு பைன், ஒரு ஹிக்கரி, மறுபடி பைன். அளக்கச் சொன்ன உத்தரவு 1766-ஐச் சேர்ந்தது. அடியில் சங்கிலி பிடித்தவர்கள் பெயர். முதல் பெயர் டேனியல், நம் குடும்பப் பெயரேதான்! இரண்டாவது பக்கத்து நிலத்துக்காரர்.

1755 வரிப்பட்டியலில் டொனால்டும் இல்லை, டேனியலும் இல்லை.

மூர் கவுண்ட்டி உயில்களில் அவருடையது கிடைத்தது, 1790-களில் எழுதியது. லிட்டில் ரிவர் நிலத்தைக் குறிப்பிட்டே எழுதியிருப்பதால் ஆள் இவர்தான். மனைவி எஃபி, மூத்த மகன் ஆர்ச்சிபால்ட், பிறகு ஜான், கடைசி மகள் மேரி. அடிமையாக வைத்திருந்த ஒரு பெண்ணையும் அவளுடைய பிள்ளையையும் பெயர் சொல்லி ஜானுக்கு எழுதி வைத்திருக்கிறார். இது எங்கள் வரைபடத்தில் இல்லை.

ராலே செந்தில்:

அருமை. நிலம் வாங்கியவரும் சங்கிலி பிடித்தவரும் ஒரே தாளில் இருப்பதால் டொனால்டும் டேனியலும் இரண்டு பேர் என்பது முடிந்துவிட்டது. அண்ணன் தம்பியாக இருக்க நல்ல வாய்ப்பு. இனி டேனியலையும் சேர்த்தே தேடுங்கள். டொனால்ட் பற்றிக் கிடைக்காத ஊர்ப்பெயர் டேனியலின் பிள்ளைகள் வழியாகக் கிடைக்கலாம்.

மூத்த மகன் ஆர்ச்சிபால்ட் என்பதும் ஒரு குறிப்பு. ஹைலண்டர் குடும்பங்களில் மூத்த பேரனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது வழக்கம், நம்மைப் போலவே. அப்படியென்றால் டொனால்டின் அப்பா ஆர்ச்சிபால்டாக இருக்கலாம். ஆர்கைல் பக்கம் நிறைய வழங்கிய பெயர் அது. இது ஆதாரம் இல்லை, தேடும் திசை மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. 1767 நவம்பரில் ஆர்கைலைச் சேர்ந்த ஜுரா தீவிலிருந்து பிரன்ஸ்விக் துறைமுகத்தில் இறங்கிய குடும்பங்களின் பட்டியல் காலனி ஆவணத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. உங்கள் பெயர் அதில் கண்ணில் பட்டால் உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆளுக்கு 1766-லேயே நிலம் அளக்க உத்தரவு வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் தயவுசெய்து உயிலின் தேதியோடு பொதுவில் பதிவு செய்யுங்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் சந்ததியினருக்கு 1870 கணக்கில்தான் முன்னோர் எல்லோரும் முதல்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முன்னால் போக இப்படிப்பட்ட உயில்கள்தான் வழி.

டொராண்டோ சிவா:

அக்கா, அந்தப் பெயரில் ஒரு டொனால்ட் நட்டஈட்டு மனு கொடுத்திருக்கிறார். 1774-இல் வந்தேன் என்று அவரே சொல்லுறார். 1766-இல் நிலம் கேட்டவர் இவர் இல்லை. ஆக, கம்பர்லாந்தில் இருந்த மற்ற டொனால்ட் இவராக இருக்கலாம். ஸ்கையில் பிறந்தவர் என்றும் எழுதியிருக்கு. உங்கள் வரைபடத்துக்கு ஸ்கை எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்கு ஒரு ஊகம் இருக்கு.

எடின்பரோ வாசன்:

சிவா சொன்னதுதான் எனக்கும் தோன்றுகிறது, இரண்டு வாழ்க்கை ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கிறது. மீனா, கடைசி மகள் எப்போது இறந்தார்? ஃபேயட்வில் அப்சர்வர் இதழ் 1816-இல் தொடங்கியது. பழைய ஹைலண்டர் குடும்பத்தினர் இறக்கும்போது அவர்களுடைய ஊர், வந்த ஆண்டு எல்லாம் போடுவார்கள்.

கேரி மீனா:

கிடைத்துவிட்டது! மேரி 1840-களில் இறந்திருக்கிறார். இறப்புச் செய்தி ஆறு வரிதான். பெற்றோர் புரட்சிக்குப் பல ஆண்டுகள் முன்பே ஜுரா தீவிலிருந்து வந்தவர்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அது மகள் தலைமுறை சொன்ன தகவல், டொனால்ட் தன் வாயால் சொன்னது இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆர்ச்சிபால்ட் என்ற பெயரோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது.

வரைபடத்தில் பிறந்த ஆண்டை எடுத்துவிட்டேன். ஊர்: ஜுராவாக இருக்கலாம். வருகை: 1766-இலோ அதற்கு முன்போ, 1755-க்குப் பிறகாக இருக்கலாம். பெற்றோர்: காலியிடம். சங்கிலி பிடித்த டேனியல் பக்கத்தில், கேள்விக்குறியோடு. கலோடன் கதை போனதில் மாமியாருக்கு வருத்தம்தான், ஆனால் மர மூலைகள் போட்ட அந்தச் சர்வே தாளின் நகலைச் சட்டம் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். உயிலில் உள்ள தாய், பிள்ளை பெயர்களையும் சேர்க்கச் சொல்லிவிட்டார், மூர் கவுண்ட்டி வரலாற்றுக் குழுவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அருண், என் கணவரின் தாய்மாமன் சோதனைக்குச் சம்மதித்துவிட்டார். டேனியலின் நேர் ஆண் வழியில் யாராவது இருக்கிறார்களா என்று அடுத்துத் தேடப் போகிறேன். டேனியலின் உயில் கம்பர்லாந்திலா மூரிலா என்று இன்னும் பார்க்கவில்லை. செந்தில் சார், முதலில் எதைக் கேட்கட்டும்?

ராலே செந்தில்:

கம்பர்லாந்து. அவர் பெயரில் நிலம் இருக்கிறதா என்று பட்டா அட்டவணையில் பார்த்துவிட்டுப் போங்கள். டேனியலின் நிலத்துக்குச் சங்கிலி பிடித்தவர் யார் என்று பார்த்து வந்து இங்கே எழுதுங்கள்.