விஏ (முன்னாள் ராணுவத்தினர் துறை) பணம் டிசம்பர்ல ரெண்டு தடவை விழுந்ததால கால்ஃப்ரெஷ் (சாப்பாட்டுக்கான உதவி) இல்லன்னுட்டாங்க, என்ன பேப்பர் கொடுக்கணும்?

நிலா அம்மா:
வணக்கம். நாங்க கலிபோர்னியால இருக்கோம். என் வீட்டுக்காரர் மாவ்னி திட்டத்துல (தேவையான மொழி தெரிஞ்ச வெளிநாட்டுக்காரங்களை அமெரிக்க ராணுவத்துல சேர்த்த திட்டம்) ஆர்மில சேர்ந்தவர் (அந்த மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, சிட்டிசன்ஷிப்பும் அப்படித்தான் வந்துச்சு), முதுகுல அடிபட்டு வெளிய வந்துட்டார், விஏ 40 சதவீதம் டிசபிலிட்டி (உடல் பாதிப்பு) ரேட்டிங் கொடுத்து மாசாமாசம் காம்பன்சேஷன் வருது. வருஷக் கடைசில பார்த்துட்டிருந்த வேலையும் போச்சு, ஜனவரில கால்ஃப்ரெஷ், கால்ஒர்க்ஸ் (குழந்தைங்க இருக்கிற குடும்பத்துக்கு பண உதவி), மெடி-கால் (மருத்துவ உதவி) மூணுக்கும் சேர்த்து அப்ளை பண்ணோம். பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டாங்க, கொடுத்தோம். அதுல டிசம்பர் 1ஆம் தேதி விஏ பணம் ஒண்ணு, 31ஆம் தேதி இன்னொண்ணு, தொகையும் வேற வேற. ரெண்டையும் கூட்டி இதான் உங்க மாச வருமானம்னு போட்டு கால்ஃப்ரெஷ் கிடையாதுன்னு நோட்டீஸ் வந்துடுச்சு. கால்ஒர்க்ஸுக்கு சிடபிள்யூ 5னு ஒரு ஃபாரம் வேற, மிலிட்டரி விவரமெல்லாம் எழுதி கையெழுத்துப் போடணுமாம். இதுல கையெழுத்துப் போட்டா வர்ற விஏ பணத்துக்கு ஏதாவது ஆயிடுமான்னு பயமா இருக்கு. இவரு நாட்டுக்கு உழைச்சவன் எதுக்கு கையேந்தணும், விட்டுடுன்னு சொல்றார். வீட்டுல ரெண்டு சின்னப் புள்ளைங்க, என்னால விட முடியாது. யாராவது வழி சொல்லுங்க.

சான்டியேகோ குமார்:
விஏ டிசபிலிட்டி பணத்துக்கு டாக்ஸே கிடையாதே சிஸ்டர், அதை எதுக்கு காமிச்சீங்க? டாக்ஸ் இல்லன்னா வருமானத்துலயே வராது.

கவுண்டி வேலைக்காரி:
குமார் அண்ணா, தப்பா சொல்லாதீங்க, இதை நம்பி யாராவது மறைச்சா நாளைக்கு ஓவர்பேமெண்ட்னு திருப்பிக் கட்டச் சொல்வாங்க. நான் வேற கவுண்டில எலிஜிபிலிட்டி ஒர்க்கரா (உதவி யாருக்குக் கிடைக்கும்னு பார்க்கிற வேலை) இருக்கேன். டாக்ஸ் இல்லங்கிறது மெடி-காலுக்குத்தான் உதவும், 65 வயசுக்குக் கீழ இருக்கிற குடும்பங்களுக்குப் பார்க்கிற மேகி கணக்குல (டாக்ஸ் வருமானத்தை வச்சுப் போடுறது) விஏ டிசபிலிட்டி பணத்தைச் சேர்க்கவே கூடாது. ஆனா கால்ஃப்ரெஷ்ல அது வருமானம்தான். சொல்லலைன்னாலும் தெரிஞ்சிடும், பாரிஸ்னு ஒரு கம்ப்யூட்டர் மேட்ச் வருஷத்துக்கு நாலு தடவை ஓடுது, விஏ யாருக்கு எவ்வளவு கொடுக்குதுன்னு மாநிலங்களுக்கு அதுல வந்துடும். (மேட்ச்ல வந்த நம்பரை மட்டும் வச்சு யாருக்கும் நிறுத்தவும் கூடாது, தனியா விசாரிச்சு உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் கை வைக்கணும்.)

நிலா அம்மா, உங்க கேஸ்ல நடந்தது இதான். விஏ ஒரு மாசத்துப் பணத்தை அடுத்த மாசம் 1ஆம் தேதி போடும், 1ஆம் தேதி லீவுன்னா முன்னாடியே போட்டுடும். ஜனவரி 1 எப்பவுமே லீவு, அதனால ஜனவரில வர வேண்டியது டிசம்பர் கடைசில விழுந்துடும், ஜனவரி ஸ்டேட்மெண்ட்ல 1ஆம் தேதி ஒண்ணும் இருக்காது. தொகை மாறினதுக்கும் காரணம் இருக்கு, விலைவாசி உயர்வு டிசம்பர் 1ல இருந்து கணக்கு, அது முதல்ல தெரியுறது இந்த ரெண்டாவது டெபாசிட்ல. ஆக இது ரெண்டு மாசத்துப் பணம், ஒரு மாசத்துக்கு ஒண்ணுதான் எண்ணணும்.

பேங்க் ஸ்டேட்மெண்ட்டை விட்டுட்டு விஏவோட பெனிஃபிட் சம்மரி லெட்டர் (என்ன கிடைக்குதுன்னு விஏ எழுதித் தர்றது) கொடுங்க. விஏ.கவ் போய் லாகின்.கவ் இல்ல ஐடி.மீ வழியா உள்ள போனா உடனே டவுன்லோட் ஆகும். லெட்டர்ல எது எது வரணும்னு டிக் பண்ணச் சொல்லும், மாசத் தொகைங்கிறதை கண்டிப்பா டிக் பண்ணுங்க, அது விட்டுப்போன லெட்டரைக் கொண்டு வந்து திரும்பிப் போறவங்களை நான் நிறைய பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கும். நெட் சரியில்லன்னா உங்க வீட்டுக்காரரை 1-800-827-1000 கூப்பிடச் சொல்லுங்க, அவர்தான் பேசணும். விஏ பழைய கடனுக்காக ஏதாவது பிடிக்குதுன்னா அதுக்கான விஏ லெட்டரும் வைங்க, அதே பணத்துல முன்னாடி அதிகமா கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கிற பகுதியை கால்ஃப்ரெஷ்ல கழிக்கணும்.

லெட்டரை பெனிஃபிட்ஸ்கால்ல (அப்ளை பண்ற வெப்சைட்) ஏத்திட்டு ஒர்க்கரோட சூப்பர்வைசர்கிட்ட பேசுங்க, பாதி கேஸ் அங்கயே சரியாகும். ஆகலைன்னா நோட்டீஸ் தேதில இருந்து 90 நாளைக்குள்ள ஸ்டேட் ஹியரிங் (மாநிலத்துக்கிட்ட அப்பீல்) கேட்கலாம், எப்படி கேட்கிறதுன்னு நோட்டீஸ் பின்பக்கத்துலயே இருக்கும். ஒரு காசு செலவில்ல.

நிலா அம்மா:
ரொம்ப நன்றி அக்கா, இவ்வளவு தெளிவா யாருமே சொல்லல. அந்த சிடபிள்யூ 5?

கவுண்டி வேலைக்காரி:
பயப்படாம போடச் சொல்லுங்கம்மா. அது கவுண்டி வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீஸுக்குப் போகும், விஏல என்ன வருதுன்னு அவங்க பார்த்து எழுதி எங்களுக்குத் திருப்பி அனுப்புவாங்க. வர்ற பணத்தை அது குறைக்காது. உங்களுக்கு வர வேண்டியது ஏதாவது விட்டுப்போச்சான்னும் அங்க பார்ப்பாங்க. 30 சதவீதமோ அதுக்கு மேலயோ ரேட்டிங் இருந்தா மனைவி, புள்ளைங்களுக்கு தனியா கூட்டிக் கொடுக்கணும், உங்களுக்கு 40, உங்க மூணு பேர் பேரும் ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க. ஏறினா கால்ஃப்ரெஷ் கொஞ்சம் குறையலாம், ஆனா பெரும்பாலும் கைல வர்றது அதிகமாத்தான் இருக்கும்.

ஃப்ரெஸ்னோ மாமி:
இதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா வியட்நாம் போருக்குப் போனவர், அவருக்கு நான்தான் பேப்பரெல்லாம் பாத்துக்கறேன். அவருக்கு விஏ பென்ஷனோட எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்னு ஆள் வச்சுப் பாத்துக்கறதுக்கு ஒரு தொகையும் வரது. எஸ்எஸ்ஐ (வருமானம் குறைஞ்ச வயசானவா, ஊனமுற்றவாளுக்கான மத்திய அரசு உதவி) விதியில அந்தப் பகுதி வருமானமே இல்லை, வயசானவாளுக்கான மெடி-கால்லயும் அப்படித்தான். லெட்டர்ல மொத்தமா ஒரே நம்பர் போட்டிருந்தா கவுண்டில அதையே வருமானம்னு எழுதிண்டுடறா. பென்ஷன் எவ்வளவு, அட்டெண்டன்ஸ் எவ்வளவுன்னு பிரிச்சு எழுதின லெட்டரா விஏகிட்ட கேட்டு வாங்கணும். வீட்டுல பெரியவா இருந்தா இதை விட்டுடாதீங்கோ.

சான்டியேகோ குமார்:
தெரியாம சொல்லிட்டேன் சிஸ்டர், ஒர்க்கர் அக்கா சொன்னதையே கேளுங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் வேணா பேசுறேன், நானும் நேவில இருந்தவன்தான். கையேந்துறதுன்னு எதுவும் இல்ல இதுல, சட்டத்துல எழுதி வச்சிருக்கிறதைக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

நிலா அம்மா:
பேசுங்க அண்ணா, நீங்க சொன்னா கேப்பார். லெட்டர் இப்பதான் டவுன்லோட் பண்ணோம், அதுல இருக்கிற தொகையும் 31ஆம் தேதி டெபாசிட்டும் சரியா ஒத்துப்போகுது. புள்ளைங்க பேர் ஏறியிருக்கான்னு தெரியல, திங்கக்கிழமை வெட்டரன்ஸ் ஆபீஸ்ல கேட்டுட்டு எழுதுறேன்.