புதுப்பிப்பு: மோரிஸ் டிராவலருக்குப் பின்கதவு மாட்டியாச்சு

மரச்சட்டம் இற்றுப்போன என் பழைய பிரிட்டிஷ் கார், மோரிஸ் மைனர் டிராவலரைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். டிக்கி மூடிக்குப் பதிலாக, பின்பக்கம் பீரோ மாதிரி இரண்டு கதவு திறக்கும் அதே வண்டிதான்.

1953 முதல் 1971 வரை தயாரான இந்த மாடலில் மரம் வெறும் அலங்காரம் இல்லை. பின்பாதிக் கூரையையும் அலுமினியத் தகடுகளையும் தாங்குவதே அதுதான். நகரும் பக்கக் கண்ணாடிகளின் காடியில் மழைநீர் தேங்குவதால் அதற்குக் கீழே உள்ள சட்டம் சீக்கிரம் கெடும். என் வண்டியில் விரலால் நோண்டினாலே உதிர்ந்தது.

ஒரிஜினல் சட்டம் ஆஷ் என்ற வெளிநாட்டு மரம். தேக்கு போடச் சொன்னீர்கள் சிலர்; அல்சூர் ஆசாரியும் அதையேதான் சொன்னார். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைத்து உடனே பசை போடாவிட்டால் இணைப்பு நிற்காது. ஆஷில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஈரம் பட்டால் சீக்கிரம் இற்றுப்போகும். பெங்களூரு மழையை நினைத்துத் தேக்குக்கே சரி என்றேன். அசல்தான் வேண்டும் என்பவர்கள் திட்டலாம்.

கதவை உடனே மாட்டிப் பார்க்கத் துடித்தேன். "இருங்க சார், மொதல்ல சட்டம் மூலைமட்டத்துக்கு வரட்டும்" என்று தடுத்துவிட்டார் ஆசாரி. நல்லவேளை. சட்டம் கோணினால் இரண்டு கதவும் நடுவில் சேராது.

கதவுக்கான கீல், பெங்களூரில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில்கூடக் கிடைக்கவில்லை. பழையதற்கே லேத்தில் புது பின் கடைந்தோம். அப்புறம், எஞ்சின் பற்றிக் கேட்டவர்களுக்கு: 948 சிசி, ஓடுகிறது, கொஞ்சம் புகைக்கிறது.