மழைக்கு அப்புறம் தெலுக் பஹாங் கரையில்

பினாங்கிலிருந்து:
போன மாதம் அண்ணன் பிள்ளைகளோடு தெலுக் பஹாங் போயிருந்தேன். முந்தின ராத்திரி பெய்த மழையில் கரை முழுக்க தாபாவ் (பார்சல் சாப்பாட்டு) பெட்டி, போத்தல், பேம்பர்ஸ். நடுவில் பச்சை நைலான் வலைத் துண்டு ஒன்று, அதற்குள் நண்டுகள், சிலதுக்கு இன்னும் உயிர் இருந்தது. படகு பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர் கத்தியோடு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக நூலை அறுத்து விடுவித்தார். பாறையில் மாட்டினால் வலையை அறுத்து விடுவதைத் தவிர வழியில்லை, நைலான் மக்காது, அடியில் கிடந்து மீன், நண்டு, ஆமை என்று பிடித்துக்கொண்டே இருக்கும் என்றார். பக்கத்துக் கெராச்சுட் கடற்கரைக்குத்தான் பச்சை ஆமைகள் முட்டையிட வருகின்றன! மிதக்கிற பிளாஸ்டிக் பையை ஜெல்லிமீன் என்று நினைத்து ஆமைகள் விழுங்கிவிடும், குடல் அடைத்துச் செத்தும் போகும்.

இங்கே 2009-லேயே திங்கட்கிழமைகளில் இலவச பிளாஸ்டிக் பையை நிறுத்தி, 2011-லிருந்து எல்லா நாளும் என்று ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) கட்டி வாங்கினால் இன்னமும் பைதான், எனக்கு அதுதான் ஆறவில்லை.

கோலாலம்பூரிலிருந்து:
அக்கா, கடலே கண்ணில் படாத எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. மஸ்ஜித் ஜாமெக் பக்கம் கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேருகிற இடத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், மழை கொட்டினால் எங்கள் லொங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) கிடந்ததெல்லாம் அங்கே மிதக்கும், அப்புறம் கிள்ளான் துறைமுகம் வழியாக மலாக்கா நீரிணைதான். 2019-லிருந்து கிள்ளான் ஆற்றில் குப்பை வாரும் இயந்திரம் நிற்கிறது, ஆனால் அது மிதப்பதைத்தான் பிடிக்கும். எண்ணெய், சோப்புத் தண்ணீர், கழிவுநீர் எல்லாம் நேராகப் போய்விடும். கழிவுச் சத்தில் பாசி பெருகி, அது செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும்.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு சாப்பாட்டுக் கடையில் ராத்திரி மிச்ச எண்ணெயை லொங்காங்கில்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சண்டை போடாமல், பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்குகிற ஒருவரின் நம்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், இப்போது டின்னில் சேர்க்கிறார்கள்.

பினாங்கிலிருந்து:
தம்பி, வீட்டு எண்ணெயும் எடுப்பார்களா?

கோலாலம்பூரிலிருந்து:
எடுப்பார்கள் அக்கா, கொஞ்சமாக இருந்தால் வர மாட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் பிளாட்டில் மாடிக்கு ஒரு டின் வைத்திருக்கிறோம், ஆறவைத்து வடிகட்டி ஊற்றினால் போதும்.