பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதி) வைத்த கண்ணாடியில் ஒட்டும் ஃபைப்ரினோஜன் (இரத்தம் உறையத் தேவையான புரதம்) நேரம் போகப் போகக் குறைகிறது, ஏன்?

கேள்வி (சோதனைக்குழாய்):
கண்ணாடிச் சில்லுகளில் ஃபைப்ரினோஜன் எவ்வளவு ஒட்டுகிறது என்று எலைசாவில் (ஆன்டிபாடி பிடித்த அளவை நிறமாகக் காட்டும் சோதனை) பார்க்கிறேன். பத்து மடங்கு நீர்த்த மனித பிளாஸ்மா, உறையாமலிருக்க சிட்ரேட் போட்டது. ஒரு நிமிடம் வைத்தால் நிறம் நன்றாக ஏறுகிறது. ஒரு மணி நேரம் வைத்தால் பாதிகூட வருவதில்லை. கழுவும்போது போய்விடுகிறதோ என்று தூய ஃபைப்ரினோஜன் கரைசலை வைத்துப் பார்த்தேன், அதில் இறக்கமே இல்லை. பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் இறக்கம் குறைவு. எங்கே கோளாறு?

பதில் (மேற்பரப்பு):
கழுவலை விட்டுவிடுங்கள், அதுதான் காரணம் என்றால் தூய கரைசலிலும் இறங்கியிருக்கும். இது விரோமன் விளைவு, அதாவது பரப்பில் முதலில் ஒட்டிய புரதத்தைப் பின்னால் வரும் புரதம் பெயர்ப்பது. லியோ விரோமன் 1960களில் கவனித்து எழுதியது. இரத்த பிளாஸ்மாவில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் அல்புமின் என்ற புரதம் இருக்கிறது, ஃபைப்ரினோஜன் 2 முதல் 4 கிராம்தான். அல்புமின் எடையும் குறைவு, சுமார் 66 கிலோடால்டன். ஃபைப்ரினோஜன் 340. அதனால் அல்புமின் முந்திக்கொண்டு ஒட்டும். அப்புறம் ஃபைப்ரினோஜன் வந்து அதைத் தள்ளும். அதையும் பிறகு உயர் மூலக்கூறு எடை கினினோஜன் (இன்னொரு பிளாஸ்மா புரதம்) போன்றவை பெயர்த்துவிடும். தூய கரைசலில் பெயர்க்க ஆளே இல்லை. பாலிஸ்டைரீன் போன்ற நீர்விலக்கும் பரப்பில் புரதம் உருமாறி இறுகிக்கொள்வதால் எளிதில் பெயராது.

பதில் (ஐயப்பாடு):
விரோமன் விளைவாக இருக்கலாம், ஆனால் எலைசாவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆன்டிபாடி தன் கைக்கு எட்டுவதைத்தான் எண்ணும். ஃபைப்ரினோஜன் அங்கேயே இருந்து, உருமாறியோ மற்ற புரதங்கள் மூடியோ போயிருந்தாலும் நிறம் இறங்கும். கதிரியக்க அயோடின்-125 இட்ட ஃபைப்ரினோஜனைத் துளி சேர்த்து எண்ணினால்தான் உண்மை தெரியும். இன்னொன்று, நீர்க்கப் பயன்படுத்தும் பஃபர் கரைசலில் கால்சியம் இருக்கிறதா? இருந்தால் கண்ணாடி தொட்டதுமே பிளாஸ்மா உறையத் தொடங்கும், கரைசலில் உள்ள ஃபைப்ரினோஜனே தீர்ந்துபோகும்.

சோதனைக்குழாய்:
கால்சியம் இல்லாத பாஸ்பேட் பஃபர்தான். கதிரியக்க வசதி இங்கே இல்லை. வேறு வழி உண்டா?

மேற்பரப்பு:
நேரத்தை மாற்றாமல், பிளாஸ்மாவை நீர்க்கும் அளவை மாற்றுங்கள்: நீர்க்காதது, பத்து, நூறு, ஆயிரம் மடங்கு. விரோமன் விளைவு என்றால் நடுவில் ஒரு உச்சம் வரும், இரு பக்கமும் இறங்கும். கினினோஜன் இல்லாத பிளாஸ்மா கிடைத்தால் அதையும் வையுங்கள், இறக்கம் நன்றாகக் குறைய வேண்டும்.

ஐயப்பாடு:
சில்லைப் பிளாஸ்மாவிலிருந்து அப்படியே தூக்காதீர்கள். திரவத்தின் மேல்பரப்பில் படரும் புரத ஏடு சில்லோடு ஒட்டிக்கொண்டு வரும். பாத்திரத்துக்குள்ளேயே பஃபரை ஊற்றி ஊற்றிப் பிளாஸ்மாவை வழியவிட்டு, அப்புறம் எடுங்கள்.

சோதனைக்குழாய்:
நீர்ப்பு வரிசை போட்டேன். நூறு மடங்கில் உச்சம், நீர்க்காததில் மிகக் குறைவு. சரி, அப்படியானால் ஒரு மணி நேரக் கணக்கை வைத்து "கண்ணாடியில் ஃபைப்ரினோஜன் குறைவு, தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள்) ஒட்டாது" என்று எழுதலாமா?

ஐயப்பாடு:
வேண்டாம். சதுர சென்டிமீட்டருக்குச் சில நானோகிராம் ஃபைப்ரினோஜன் மிஞ்சினாலே தட்டணுக்கள் பிடித்துக்கொள்ளும், அந்த அளவை உங்கள் எலைசா பிரித்துக் காட்டுவது சந்தேகமே. போதாததற்கு, இரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் காரணி 12 என்ற புரதத்தையும் கண்ணாடி தூண்டிவிடும். தட்டணுச் சோதனையைத் தனியாகச் செய்து, அந்த எண்ணை எழுதுங்கள்.