1962ல நடக்குற குறும்படம்: விலைவாசி, சினிமா, செய்தி எல்லாம் சரியா இருக்கான்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன்

கேமரா_கார்த்தி:

வணக்கம் மக்களே. நானும் ஃப்ரெண்ட்ஸும் சேந்து ஒரு இருபது நிமிஷ குறும்படம் எடுக்குறோம். 1962 பிப்ரவரி, கும்பகோணம் பக்கத்துல ஒரு சின்ன ஊரு, ஒரு டீக்கடை, அவ்ளோதான் கதைக்களம். வீட்ல கேக்கலாம்னா அந்தக் காலத்து ஆளுங்க யாரும் இல்ல, நெட்ல தேடுனா "அப்பல்லாம் பவுன் நூறு ரூபா" அப்படின்னு ஃபார்வேர்டு மெசேஜ்தான் வருது. அதனால எங்க சீன்களை இங்க போடுறேன், தப்பு இருந்தா தயங்காம கிழிச்சு தொங்கவிடுங்க.

ஓப்பனிங்ல டீக்கடை போர்டு, "டீ 10 பைசா"ன்னு சாக்பீஸ்ல எழுதிருக்கும். ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் இருபது ரூபா நோட்டை நீட்டுவார், சில்லறை இல்லன்னு கடைக்காரர் கடுப்பாவார். பின்னாடி ரேடியோல பாட்டு, நடுவுல சோப்பு விளம்பரம். ஹீரோ மயிலாடுதுறைலேருந்து சோழன் பஸ்ல வந்து இறங்குறான். சாயங்காலம் நாலு பேரா டூரிங் டாக்கீஸ்ல மேட்னி ஷோ போறாங்க, வாசல்ல கர்ணன் பட போஸ்டர். வில்லன் சாராயக்கடைல உக்காந்து திட்டம் போடுறான். கடைசில தேர்தல் கலாட்டா. எது நிக்கும், எது நிக்காது?

செல்லாக்காசு:

தம்பி, முதல் ஷாட்லயே ரெண்டு தப்பு. நாணயம் சேக்குறது என் பொழப்பு மாதிரி ஆயிடுச்சு, அதனால இதை விட மனசு வரல.

1957 ஏப்ரல்ல காசு மாறுச்சு, ரூபாய்க்கு பதினாறு அணா போயி நூறு நயா பைசா வந்துச்சு. அந்த "நயா" 1964 ஜூன் வரைக்கும் இருந்துச்சு, அதுக்கப்புறம்தான் வெறும் பைசா. அதனால போர்டுல "ந.பை."ன்னு எழுதுங்க. ஆனா எழுத்துலதான் நயா பைசா, வாயில ஒருத்தனும் அப்படி சொல்லிருக்க மாட்டான். டயலாக்ல ஓரணா, ரெண்டணா, நாலணா, எட்டணான்னே வரட்டும். அதுதான் உண்மை.

இதுல ஒரு கூத்து இருக்கு, உங்களுக்கு சீனுக்கே உதவும். அணாவ நயா பைசாவா மாத்த கவர்மெண்ட் ஒரு அட்டவணை போட்டுச்சு. ஓரணா 6, ரெண்டணா 12, மூணணா 19, நாலணா 25. நாலு தடவை ஓரணாவுக்கு வாங்குனா மொத்தம் 24, ஆனா ஒரே தடவையா நாலணாவுக்கு வாங்குனா 25. விவரமான பசங்க நாலணாவ வச்சுக்கிட்டு ஓரணா மிட்டாயா தனித்தனியா கேப்பானுங்க, கடைக்காரர் "ஓரணாவா, ஏழு நயா பைசா எடு"ம்பார், அங்கயே சண்டை. மாறி அஞ்சு வருஷம் ஆகியும் இந்த ஒரு பைசா தகராறு ஓயலன்னு என் மாமனார் சொல்லுவார், அவர் மளிகைக்கடை வச்சிருந்தவர்.

அப்புறம் இருபது ரூபா நோட்டு. அது வந்ததே 1972ல. அம்பது ரூபா நோட்டு 1975. 1962ல ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து, அதுக்கு மேல நேரா நூறு. வாத்தியார் கைல பத்து ரூபா நோட்டு குடுங்க, டீக்கடைக்காரர் கடுப்பாக அதுவே தாராளம். காசு க்ளோசப் வச்சா 1 வட்டம், 2 ஓரம் நெளிநெளியா, 5 சதுரம், 10ம் நெளிநெளி, 25ம் 50ம் வட்டம். மூணு பைசா (1964), இருபது பைசா (1968) ரெண்டையும் தயவுசெஞ்சு மேஜைல போட்றாதீங்க, பழசா தெரியுதேன்னு எல்லா படத்துலயும் அதைத்தான் வைக்கிறாங்க.

குடமுருட்டி_பெரியவர்:

கார்த்தி தம்பிக்கு, நான் அந்தப் பக்கத்து ஆளுதான், 1962ல எட்டாவது படிச்சுக்கிட்டு இருந்தேன், போன்ல குரல்ல பேசி டைப் பண்றேன் எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

மயிலாடுதுறைன்னு அப்ப யாரும் சொல்லல, மாயவரம். சோழன் போக்குவரத்துக் கழகம் 1972லதான் வந்துச்சு, எங்க பக்கமெல்லாம் தனியார் பஸ்தான், டிரைவரும் கண்டக்டரும் ஊர்ல எல்லாரையும் பேர் சொல்லி கூப்புடுற அளவுக்கு பழக்கம், பஸ்ஸுல "தமிழ்நாடு"ன்னு எழுதிடாதீங்க அப்ப நாம மெட்ராஸ் ஸ்டேட், பேரு மாறுனது 1969ல. மாயவரத்துலேருந்து ரயில்ல வந்தாலும் பொருத்தம்தான், கரி எஞ்சின், சட்டையெல்லாம் கரித்தூள், ராத்திரி போட் மெயில் தனுஷ்கோடி வரைக்கும் போகும், அங்கேருந்து கப்பல்ல தலைமன்னார். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போயிடுச்சு.

சாராயக்கடை வேணவே வேணாம். மதுவிலக்கு 1948லேருந்து மாநிலம் பூரா, கடை திறந்தது 1971லதான். வில்லன் குடிக்கணும்னா ஆத்தோரம் மூங்கில் கொல்லைல திருட்டுத்தனமா காய்ச்சுன சரக்கு, ஒருத்தன் போலீஸ் வருதான்னு பாத்துக்கிட்டு நிப்பான், இதுதான் உங்க கதைக்கு இன்னும் நல்லா இருக்கும்னு எனக்கு தோணுது.

டூரிங் கொட்டாயில மேட்னி கிடையாது, கீத்துக்கொட்டாய்ல பகல்ல வெளிச்சம் வந்தா படம் எப்படி தெரியும், சாயங்காலம் ஒரு ஆட்டம் ராத்திரி ரெண்டாவது ஆட்டம் அவ்வளவுதான். பொழுது சாயும்போது குழாய் ஸ்பீக்கர்ல ரெக்கார்டு போடுவான், எந்தப் பாட்டு போட்டா டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சுட்டான்னு ஊருக்கே தெரியும், வயல்ல இருக்கவன் கூட அந்தப் பாட்டு கேட்டா நடைய எட்டிப் போடுவான். தரை டிக்கெட் எங்க ஊர்ல நாலணா, அதுக்கு மேல பெஞ்சு, அதுக்கும் மேல நாற்காலி, நாற்காலில மிராசுதார் வீட்டு ஆளுங்க இல்லன்னா புதுசா கல்யாணம் ஆன மாப்பிள்ளை. ஆம்பளைக்கு ஒரு பக்கம் பொம்பளைக்கு ஒரு பக்கம், நடுவுல இடுப்பு உயரத்துக்கு ஒரு மண் சுவரு. மெஷின் ஒண்ணே ஒண்ணுதான், ரீல் மாத்துறப்பல்லாம் லைட்ட போட்ருவான், உடனே முறுக்கு, சோடா, பாட்டுப்புஸ்தகம்னு கூவிக்கிட்டு பசங்க உள்ள வந்துடுவானுங்க. படத்துக்கு முன்னாடி கவர்மெண்ட் நியூஸ்ரீல் கட்டாயம் போடணும், ஆனா அது எங்க கொட்டாய்க்கு வரதுக்குள்ள ஊசிப்போயிருக்கும். எலிசபெத் ராணி 1961 பிப்ரவரில மெட்ராஸ் வந்தாங்க, எங்க கொட்டாயில ராணியம்மா கை ஆட்டுனதை நாங்க பாத்தது அடுத்த வருஷம். உங்க சீன்ல அதையே ஓடவிடுங்க, கரெக்டா இருக்கும்.

கர்ணன் 1964 பொங்கலுக்கு வந்த படம் தம்பி, போஸ்டர எடுத்துடுங்க. 1961 தீபாவளிக்கு ஒரே நாள்ல சிவாஜியோட கப்பலோட்டிய தமிழனும் எம்ஜிஆரோட தாய் சொல்லைத் தட்டாதேயும் வந்துச்சு, எம்ஜிஆர் படம் ஓடுச்சு, வ.உ.சி. படம் ஓடல, அதுல எங்க வகுப்புல ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிதடி. ஆனா தீபாவளிப் படம் பிப்ரவரிக்குள்ள டூரிங் கொட்டாய்க்கு வந்துடாது, கும்பகோணம் டவுன் தியேட்டர்லதான் ஓடும். கொட்டாய் வாசல்ல ஒரு நாலஞ்சு வருஷம் பழைய படம் போஸ்டர் வைங்க.

நீங்க பிப்ரவரின்னு தெரிஞ்சு வச்சீங்களோ தெரியாம வச்சீங்களோ, அந்த மாசம் மாதிரி இன்னொரு மாசம் நான் பாக்கல. அஷ்டகிரக சேர்க்கை. 3ம் தேதிலேருந்து 5ம் தேதி வரைக்கும் எட்டு கிரகமும் மகர ராசில கூடுது, தை அமாவாசை வேற, உலகம் அழியப்போகுதுன்னு ஒரே பேச்சு. கோயில்ல ஹோமம், பஜனை, கடன் வாங்குனவன் "அஞ்சாந்தேதிக்கு அப்புறம் பாப்போம்"ங்குறான், கடன் குடுத்தவன் அதுக்கு முன்னாடி வாங்கிடணும்னு வீடு வீடா அலையுறான். எங்க தெருவுல ஒரு பாட்டி இருக்கறதையெல்லாம் சமைச்சு எல்லாரையும் கூப்பிட்டு சாப்பாடு போட்டுட்டா, ஆறாம் தேதி காலைல வீட்ல அரிசி இல்ல, கடன் கேட்டு எங்க வீட்டுக்கே வந்து நின்னா, எங்கம்மா சிரிப்ப அடக்க முடியாம உள்ள ஓடுனது இன்னும் ஞாபகம் இருக்கு. டீக்கடைல இதைத்தான் பேசிருப்பாங்க, தேர்தல் பேச்சு அதுக்கப்புறம்தான் சூடு பிடிச்சுச்சு.

யாழ்_வானலை:

வணக்கம். ரேடியோ விஷயத்தை ஒருத்தரும் தொடேல்லை எண்டு நான் சொல்லுறன். ஆல் இந்தியா ரேடியோவிலை அந்த நேரம் விளம்பரம் கிடையாது, விவித் பாரதியிலை விளம்பரம் வந்தது 1967க்குப் பிறகுதான். உங்கட டீக்கடையிலை சோப்பு விளம்பரம் கேக்கவேணும் எண்டால் அது எங்கட இலங்கை வானொலியாத்தான் இருக்கவேணும். வர்த்தக ஒலிபரப்பு, எஸ்.பி. மயில்வாகனன் எண்ட அறிவிப்பாளரைத் தமிழ்நாட்டிலையும் தெரியாத ஆக்கள் இல்லை. கடல் தாண்டி கொஞ்சத் தூரம்தானே, தஞ்சாவூர்ப் பக்கம் நல்லாக் கேட்டிருக்கும்.

அந்த நேரம் அங்கை நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, இஞ்சை யாழ்ப்பாணத்திலை 1961இலை தமிழரசுக் கட்சிச் சத்தியாக்கிரகம். கச்சேரி (எங்கட ஊரிலை அரசாங்க அதிபற்றை கந்தோரைத்தான் அப்பிடிச் சொல்லுறது) வாசலிலை குந்தியிருந்து மறியல், ஏப்ரலிலை சொந்தமாத் தபால் முத்திரையே அடிச்சு வித்தினம், பிறகு அவசரகாலச் சட்டம். உங்கட வாத்தியார் பேப்பர் படிக்கிற ஆள் எண்டால் இது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

வல்லம்_மீனா:

ரேடியோ பத்தி இன்னொண்ணு. அது வால்வ் செட், போட்ட உடனே பாடாது, சூடாக கொஞ்ச நேரம் ஆகும், அப்புறம் கொர்ர்னு சத்தம், முள்ளைத் திருகித் திருகி புடிக்கணும். படத்துல பட்டுனு ஸ்விட்ச் போட்டதும் பாட்டு வந்தா பெருசுங்க கண்டுபிடிச்சுடுவாங்க. லைசென்ஸ் வேற இருந்துச்சு, வீட்டு ரேடியோவுக்கு வருஷத்துக்கு 15 ரூபா, போஸ்ட் ஆபீஸ்ல கட்டி புஸ்தகத்துல முத்திரை வாங்கணும். எங்க தாத்தா எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியார், பஞ்சப்படியெல்லாம் சேத்தும் நூறு ரூபா தொடல, அதுல பதினஞ்சு ரூபா பாட்டு கேக்கறதுக்கு கட்டுறதான்னு பாட்டி பேசுன பேச்சு இருக்கே. அதனால "அப்ப எல்லாம் சீப்பு"ன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம்தான் வரும். டீ ஓரணான்னா, அந்த ஓரணாவ தேத்துறதுக்கு என்ன பாடுன்னும் காட்டுங்க.

இன்னொரு விஷயம், மளிகைக்கடை சீன் இருந்தா: எடைக்கல் மாறுன நேரம் அது. 1962 ஏப்ரல்லேருந்து கிலோ கட்டாயம். பிப்ரவரின்னா வீசையும் கிலோவும் ரெண்டுமே கடைல இருந்துருக்கும். ஒரு வீசை 1.4 கிலோ, "புளி அரை வீசை எவ்ளோ"ன்னு கேட்டா கடைக்காரர் மனசுக்குள்ள கணக்கு போட்டு ஏதோ ஒரு விலை சொல்லுவார், வாங்குறவங்களுக்கு எப்பவும் ஏமாந்த மாதிரியே இருக்கும். அரிசி படிதான், பால் ஆழாக்குதான்.

கேமரா_கார்த்தி:

ஐயோ தெய்வங்களே, நான் நாலு வரி பதில் எதிர்பார்த்தேன். அஷ்டகிரகத்தை வச்சு கதையையே திருப்பலாம்னு டீம்ல முடிவாயிடுச்சு, கடன் வசூல் பண்ற ஆளுதான் இப்ப வில்லன். தேர்தல் சீனுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லுங்க. போஸ்டர், ஓட்டுச்சீட்டு எல்லாம் எப்படி? கதை அக்டோபர் வரைக்கும் போனா சைனா யுத்தம் வருமா?

குடமுருட்டி_பெரியவர்:

காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டுன ரெட்டைக் காளை, திமுகவுக்கு உதயசூரியன். சுவத்துல காவி, சுண்ணாம்பு, கரில எழுதுவாங்க, மாட்டுவண்டில மைக் கட்டிக்கிட்டு வருவாங்க. 1957ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பெட்டி, 1962ல அது போயி ஒரே சீட்டுல முத்திரை குத்தி ஒரே பெட்டில போடணும், பழைய ஞாபகத்துல "நம்ம பெட்டி எது"ன்னு கேட்ட கிழவங்க நிறைய பேரு. விரல்ல மைசூர் மை வந்ததும் அந்தத் தேர்தல்லதான். ஓட்டு போட வயசு இருபத்தொண்ணு, உங்க ஹீரோவுக்கு பதினெட்டுன்னு வச்சிருந்தா ஓட்டு கிடையாது. தஞ்சாவூர்ல கலைஞர் பரிசுத்த நாடார தோக்கடிச்சார், அதே தேர்தல்ல காஞ்சிபுரத்துல அண்ணா தோத்துட்டார், டீக்கடைல ஒரே மேஜைல ஒருத்தன் வெடி போடணும்குறான் பக்கத்துல இருக்கவன் டீய குடிக்காம ஆறவிட்டுட்டு உக்காந்திருக்கான், அதை நான் பாத்தேன். காமராஜர்தான் மறுபடி முதலமைச்சர்.

சைனா யுத்தம் அக்டோபர் 20 ஆரம்பிச்சு நவம்பர் 21 நின்னுச்சு, தீபாவளி அதுக்கு நடுவுல வந்துச்சு. யுத்த நிதிக்கு பொம்பளைங்க வளையல், மோதிரம் கழட்டி குடுத்தாங்க, பள்ளிக்கூடத்துல எங்ககிட்டயும் காசு வாங்குனாங்க. கதை இன்னும் நீண்டா 1963 ஜனவரில தங்கக் கட்டுப்பாடு, 14 கேரட்டுக்கு மேல நகை செய்யக்கூடாதுன்னு சட்டம், பத்தர் தெரு வெறிச்சோடிப்போச்சு. ஆனா இருபது நிமிஷத்துல இவ்வளவும் அடங்காது, பிப்ரவரியோட நிறுத்துங்க தம்பி.

செல்லாக்காசு:

காசு வேணும்னா சொல்லுங்க கார்த்தி, 1957லேருந்து 1962 வரைக்கும் போட்ட நயா பைசா என்கிட்ட டப்பா நிறைய கிடக்கு. ஷூட்டிங் முடிஞ்சதும் எண்ணித்தான் திருப்பி வாங்குவேன்.