தளர்ந்த பிணைப்பா, விடுபட்ட துண்டா?

இளங்கோ:
மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையைத் தாக்குபவை உடலின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள். இவை புரதத்தை முழுதாகக் காண்பதில்லை, செல்களின் மேற்பரப்பிலுள்ள எம்.எச்.சி. என்னும் மூலக்கூறு தன் பள்ளத்தில் ஏந்திக் காட்டும் பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டையே காண்கின்றன. அவ்வாறு காட்டப்படும் சொந்தத் துண்டை இறுகப் பற்றும் செல்கள், டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸிலேயே களையெடுக்கப்படுகின்றன. அப்படியானால் மயலினைத் தாக்கும் செல்கள் எஞ்சுவது எப்படி? துண்டு எம்.எச்.சி.யில் நிலைத்து நிற்காவிட்டால், அதற்குரிய செல்கள் தப்பிவிடுகின்றன என்பதே என் வாதம். மயலின் அடிப்படைப் புரதத்தின் முதல் 11 அமினோ அமிலங்கள் சில சுண்டெலி வகைகளின் எம்.எச்.சி.யோடு மிகத் தளர்வாகவே பிணைகின்றன. நான்காம் இடத்து லைசினை டைரோசினாக மாற்றினால் பிணைப்பு பன்மடங்கு உறுதியாகிறது. ஆயினும் அந்தத் தளர்ந்த துண்டை நோயெதிர்ப்பைத் தூண்டும் துணைமருந்தோடு ஊசியாகச் செலுத்தினால் அச்சுண்டெலிகளின் பின்னங்கால்கள் செயலிழக்கின்றன.

மங்கை:
சில சுண்டெலிகளை வைத்துப் பொதுவிதி வகுக்கலாகாது, ஐயா. எஸ்.ஜே.எல். வகைச் சுண்டெலிகளுக்கு இதே நோயை வரவழைப்பது மயலினின் மற்றொரு புரதமான புரோட்டியோலிப்பிடு புரதத்தின் 139 முதல் 151 வரையிலான அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு. அது உறுதியாகவே பிணைகிறது. தைமஸில் அப்புரதத்தின் டி.எம்.20 என்னும் குறுகிய வடிவமே பெரும்பாலும் உருவாகிறது. அதில் 116 முதல் 150 வரையிலான பகுதி இல்லை. அங்கே இல்லாத துண்டுக்குரிய செல்களை எவ்வாறு களையெடுப்பது? மனிதரிடமும் உங்கள் கணக்கு பொருந்தவில்லை. நோய் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்கும் டி.ஆர்.15 என்னும் எம்.எச்.சி. வகை, மயலின் அடிப்படைப் புரதத்தின் 85–99 துண்டை நன்றாகவே பற்றுகிறது.

இளங்கோ:
டி.எம்.20 குறித்து நீங்கள் கூறுவதை ஏற்கிறேன். ஆனால் 85–99 துண்டில் தளர்ச்சி மறுபக்கத்தில், அதாவது டி செல் துண்டைப் பற்றும் இடத்தில், இருக்கலாம். ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த டி செல்லின் ஏற்பி (துண்டைப் பற்றும் அதன் புரதம்), வழக்கம்போல் நடுவில் அமராமல், துண்டின் முன்முனைப் பக்கம் சாய்ந்தே அமர்வதைப் படிக ஆய்வு காட்டியுள்ளது.

மங்கை:
ஒரு பக்கம் இறுகினால் மறுபக்கத்தைத் தளர்ச்சி என்பீர்களானால், உங்கள் கருத்தை எந்தச் சோதனையால் மறுக்க முடியும்? மேலும், மயலினை அடையாளம் காணும் டி செல்கள் நோயற்றவர்களின் குருதியிலும் உள்ளன. தப்பியதே நோய்க்குப் போதுமென்றால் அவர்கள் ஏன் நலமாக இருக்கிறார்கள்? அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் நோய் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது.

இளங்கோ:
வைரஸை நான் மறுக்கவில்லை, அதுவும் எம்.எச்.சி. வழியாகவே டி செல்லுக்குப் புலப்படுகிறது. மயலின் துண்டையும் அதே வைரஸின் துண்டையும், டி.ஆர்.15 உடையோரின் இருவேறு எம்.எச்.சி. மூலக்கூறுகளில், ஒரே ஏற்பி அடையாளம் கண்டதாக 2002இல் காட்டப்பட்டது.

மங்கை:
அது ஒரேயொரு ஏற்பி. வைரஸ் ஏறத்தாழ எல்லோரையும் தொற்றுகிறது. நோய் மிகச் சிலருக்கே வருகிறது.